உத்தியோகத்திலிருந்தே உயர்கல்வி
(சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆசிரிய அங்கத்தவர்க்கு நிகழ்த்திய சொற்பொழிவு)



என்னிடம் வருகின்ற இளம் ஆசிரியர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "ஐயா, பட்டம் பெற்றாயிற்று, பள்ளிக்கூடத்தில் வேலையும் கிடைத்துவிட்டது, இனி மேலே என்ன படிக்கலாம்?" கேள்வி சிறியது. ஆனால் அதனுள்ளே இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. எதைப் படித்தால் பதவியுயர்வும் சம்பளப்படியும் வரும் என்பது ஒன்று. எதைப் படித்தால் நான் வளர்வேன் என்பது மற்றொன்று. முதற் கேள்வியை இழிவானது என்று நான் சொல்லமாட்டேன். குடும்பம் உள்ளவர்கள் அதைக் கேட்கத்தான் வேண்டும். ஆயினும் இரண்டுக்கும் விடை ஒன்றே என்று எண்ணிக்கொண்டு படிக்கத் தொடங்குகிறவர்கள், இரண்டாவது ஆண்டிலே சோர்ந்துபோவதைக் கண்டிருக்கிறேன். ஆகையால் இன்றைக்கு இரண்டையும் பிரித்துப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

உத்தியோகம் பார்த்துக்கொண்டே படிப்பது நமக்குப் புதிய வழக்கமன்று. நம்முடைய ஆசிரியர்கள் பகலிற் படிப்பித்து, இரவிலே விளக்கடியிலிருந்து படித்து, யாழ்ப்பாணம் ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கத்தின் பிரவேச பண்டிதர், பால பண்டிதர், பண்டிதர் பரீட்சைகளுக்குத் தோற்றிய காலம் ஒன்றிருந்தது. தமிழோடு வடமொழியும் அங்கே வேண்டப்பட்டது. இலண்டன் பல்கலைக்கழகமோ 1858ஆம் ஆண்டிலேயே தன் பரீட்சைகளை வெளியாருக்குத் திறந்துவிட்டது. இலண்டனுக்குப் போகாமலே, ஊரிலிருந்து படித்து, அதன் பட்டத்தைப் பெறலாம் என்றாயிற்று. 1921இல் கொழும்பிலே தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியும், 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் பிறக்கும் வரை, மாணவரை அந்த இலண்டன் பரீட்சைகளுக்கே ஆயத்தஞ் செய்தது. எங்கள் பாட்டன்மார் காலத்து "வெளிவாரி" என்ற சொல் அப்படி வந்ததுதான்.

அந்த வாசலால் நுழைந்தவர்களுள் ஒருவரைப்பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன். காரைதீவிலே 1892இல் பிறந்த மயில்வாகனனார் ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பள்ளிக்கூடத்திலே படிப்பித்தவர். 1916ஆம் ஆண்டிலே கொழும்புத் தொழினுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமாவையும், மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பட்டத்தையும் ஒருங்கே பெற்றார். அடுத்த ஆண்டு யாழ்ப்பாணத்துச் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியர். அங்கே படிப்பித்துக்கொண்டே படித்து, 1920இல் இலண்டன் விஞ்ஞானமாணியானார். பின்னர் மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபர். அதன்பின் துறவு. 1924 முதல் சுவாமி விபுலாநந்தர். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியர்.

விஞ்ஞானப் பட்டதாரி தமிழ்ப் பேராசிரியரானார் என்று நாம் வியப்போடு சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். அதில் வியப்புக்கு இடமில்லை. அவர் 1947இல் வெளியிட்ட யாழ் நூலைத் திறந்து பாருங்கள். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலே வரும் இசைக் குறிப்புக்களை விளக்குதற்குத் தமிழ்ப் புலமை மட்டும் போதாது. நரம்பின் நீளத்துக்கும் சுருதிக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் பௌதிகம் வேண்டும். பின்னங்களைப் பெருக்கி வகுக்கும் கணிதம் வேண்டும். பண்களைக் கேட்டறிந்த செவி வேண்டும். தேவாரம் தெரிந்திருக்க வேண்டும். நாலு துறைக்கு நாலு பேரை வைத்து எழுதுவித்திருந்தால் அந்த நூல் வந்திராது. ஒரே தலைக்குள் நாலும் இருந்தபடியால் வந்தது. துறை கடந்த ஆராய்ச்சி என்று இன்று பல்கலைக்கழகங்கள் விளம்பரஞ் செய்யும் பொருளை, உத்தியோகத்திலிருந்து படித்த ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் செய்துகாட்டிவிட்டார். நூல் அரங்கேறிய அடுத்த மாதமே அவர் மறைந்தது நம் துர்ப்பாக்கியம்.

தனிநாயக அடிகளும் அவ்வாறே. வடக்கன்குளத்திலே பாடசாலையிற் பணிபுரிந்த காலத்தில்தான், வயது வந்த பின், பண்டிதர் ஒருவரிடம் தமிழை முறையாகக் கற்கத் தொடங்கினார். 1945இல் அண்ணாமலைக்கு மாணவராகச் சென்றபோது அவருக்கு முப்பது வயது கடந்துவிட்டது. பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலே கல்வியியல் விரிவுரையாளராயிருந்தபோது, பழந்தமிழர் கல்விச் சிந்தனையையே பொருளாகக் கொண்டு இலண்டனிலே கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ந்தார். தமிழ் இலக்கியமா, கல்வியியலா என்று கேட்டால் இரண்டுமே.

இனி, இவ்வகைக் கல்வியை ஓர் ஒழுங்கான கற்கைநெறியாக்கியவர்கள் யார் என்று பார்ப்போம். அமெரிக்காவிலே, கனெற்றிக்கற் மாநிலத்து மிடில்ரவுண் நகரில், வெஸ்லியன் பல்கலைக்கழகம் 1953ஆம் ஆண்டிலே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பள்ளிக்கூட ஆசிரியர்களை மனத்திற்கொண்டே தொடங்கியது. இலக்கியம் படிப்பிப்பவர் விஞ்ஞான வரலாற்றையும், கணிதம் படிப்பிப்பவர் தத்துவத்தையும், ஒரே முதுமாணிப் பட்டத்தின் கீழே, தம் உத்தியோகத்தை விடாமற் கற்கலாம் என்பது அதன் கருத்து. 1962இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகமும் அவ்வழியிற் சென்றது. பிறகு பல பல்கலைக்கழகங்கள் பின்தொடர்ந்தன. 1975இல் அவை தமக்கென ஒரு சங்கமும் அமைத்துக்கொண்டன.

இவற்றுள் என் மனத்தைக் கவர்ந்தது சென்ற் ஜோன்ஸ் கல்லூரி. நம் யாழ்ப்பாணத்துச் சென்ற் ஜோன்ஸ் அன்று. நியூ மெக்சிக்கோ மாநிலத்துச் சாந்தா பே நகரிலுள்ளது. 1967ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையிலே ஆசிரியர்களுக்காக அது ஒரு பட்டமேற்படிப்பைத் திறந்தது. படிப்பைப் பகுதி பகுதியாகப் பிரித்தார்கள்: அரசியலும் சமூகமும், தத்துவமும் இறையியலும், இலக்கியம், கணிதமும் இயற்கை விஞ்ஞானமும். ஒரு கோடைக்கு ஒரு பகுதியாக, நாலு கோடையில் ஆசிரியர் ஒருவர் முதுமாணியாகலாம். விரிவுரை கிடையாது. மேசையைச் சுற்றியிருந்து மூலநூலை வாசிப்பார்கள். ஆசான் ஒரு கேள்வியைப் போடுவார். பின்னர் எல்லாரும் பேசுவார்கள். நோட்ஸ் எழுதிக்கொடுக்கும் வழக்கத்திலே ஊறிய நமக்கு இது விநோதமாகத் தோன்றும். அதே கல்லூரி பின்னாளிலே கீழைத்தேச நூல்களுக்கென்றும் ஒரு முதுமாணிப் படிப்பை ஏற்படுத்தியது. அங்கே உபநிடதங்களையும் கீதையையும் மகாபாரதத்தையும் படிக்கிறார்கள். சமஸ்கிருதமோ பழைய சீனமோ ஒன்றைக் கற்றே ஆகவேண்டும். சாந்தா பேயிலே ஓர் உத்தியோகத்தர் தம் நாற்பதாவது வயதில் சமஸ்கிருத விபக்தி மனனஞ் செய்கிறார். நம் சங்கத்து நூலகத்திலுள்ள உபநிடத மொழிபெயர்ப்புக்களின் பக்கங்கள் வெட்டப்படாமலே இருக்கின்றன. இதற்குமேல் நான் ஒன்றுஞ் சொல்லவில்லை.

பிரித்தானியாவில் திறந்த பல்கலைக்கழகம் 1969இல் அரச பட்டயம் பெற்று, 1971இல் மாணவரை ஏற்றது. நம் நாட்டிலே 1980இல் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் தோன்றியது. நாவலையிலே தலைமையகம், யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் நிலையங்கள். தமிழிலேயே பட்டப்பின் கல்வி டிப்ளோமாவைத் தொலைக்கல்வி முறையிற் பெற வழி திறந்தது அதனாலேதான். மகரகமையிலுள்ள தேசிய கல்வி நிறுவகம், யாழ்ப்பாணம், பேராதனை, கொழும்பு, கிழக்குப் பல்கலைக்கழகங்கள் என மற்ற வாசல்களை நீங்கள் அறிவீர்கள். அவற்றின் விண்ணப்பத் திகதிகளைப் பத்திரிகையிலே பார்த்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு கணக்குப் போட்டுக் காட்டவேண்டும். ஏனெனில் படிக்கத் தொடங்குமுன் யாரும் போடாத கணக்கு இது. இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி கிரெடிற் என்ற அலகு ஒன்றுக்கு 50 மணி நேரக் கற்றல் கணிக்கப்படுகிறது. வகுப்பு, வாசிப்பு, ஒப்படை எல்லாஞ் சேர்த்து. பட்டப்பின் டிப்ளோமா எட்டாம் மட்டம். குறைந்தது 25 அலகு. பாடநெறி மட்டுமுள்ள முதுமாணி ஒன்பதாம் மட்டம், 30 அலகு. ஆய்வும் சேர்ந்த முதுமாணி பத்தாம் மட்டம்; 60 அலகு, அதில் 15 ஆவது ஆய்வுக்குரியது. அதற்கு மேலே முதுதத்துவமாணி, கலாநிதி.

முப்பது அலகென்றால் 1,500 மணி. இரண்டு வருடத்திலே முடிப்பதானால் வாரத்துக்குப் பதினாலு மணிக்கு மேல். நாளொன்றுக்கு இரண்டு மணி. இது முடியக்கூடிய காரியம். அறுபது அலகென்றால் 3,000 மணி. அதனை இரண்டு வருடத்தில் முடிக்க வாரத்துக்கு இருபத்தொன்பது மணி வேண்டும். முழுநேரம் படிப்பிக்கும் ஆசிரியர், அதிலும் மாலையிலே ரியூசன் வகுப்பும் வைத்திருப்பவர், இதை நேர்மையாகச் செய்யமுடியாது. மூன்று வருடமென்றாலும் வாரம் பத்தொன்பது மணி. ஒன்று ரியூசனை விடவேண்டும், அல்லது காலத்தை நீட்டவேண்டும். மூன்றாவது வழி ஒன்றுண்டு. ஒப்படையைக் காசு கொடுத்து எழுதுவித்தல். அந்த வழியாற் போகிறவர் நாளைக்குப் பரீட்சை மண்டபத்திலே பிள்ளையின் துண்டுக் கடதாசியைப் பிடிக்க எந்த முகத்தோடு நிற்பார்? பெண் ஆசிரியர்களுக்கோ இக்கணக்கு இன்னுங் கடினம். வீட்டு வேலையைப் பங்கிடாத கணவன்மார் இந்தச் சபையில் இருந்தால், மனைவியின் பட்டத்துக்கு வேண்டிய இரண்டு மணி நேரம் அடுக்களையிலே கிடக்கிறது என்று அவர்களுக்குச் சொல்லிவைக்கிறேன்.

சரி, துறை கடந்த படிப்பு என்றால் எதைப் படிப்பது? பெயரைக் கேட்டு மயங்கக்கூடாது. இரண்டு பாடத்தை ஒரே சான்றிதழில் எழுதினால் அது துறை கடந்ததாகிவிடாது. ஒரு துறையால் மட்டும் விடை காணமுடியாத ஒரு கேள்வி முதலிலே இருக்கவேண்டும். கேள்வி இருந்தால் துறைகள் தாமாக வந்து சேரும். நான் அடிக்கடி காட்டும் உதாரணம் நம் வீட்டுச் சுவரிலே தொங்கும் பஞ்சாங்கம்.

விரதநாள் இன்றா நாளையா என்ற வழக்கு ஆண்டுதோறும் நம் ஊர்க் கோயில்களிலே எழுகிறது. ஒரு வீட்டிலே வாக்கியம், அடுத்த வீட்டிலே திருக்கணிதம். ஒரு கணித ஆசிரியர் இதனை எடுத்து ஆராய்ந்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்று பாருங்கள். சந்திரன் பூமிக்கு மிகவும் கிட்டிய நிலையிலிருந்து புறப்பட்டு மறுபடி கிட்டிய நிலைக்கு வர ஏறக்குறைய 27.55 நாள் செல்கிறது. ஒன்பது முறை சுற்றினால் 248 நாள், கிட்டத்தட்ட மிச்சமில்லாமல். ஆகவே 248 நாளுக்குச் சந்திரன் நிற்கும் இடத்தைக் கணித்து வைத்துக்கொண்டால், பின் அதனையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். அந்த 248 இடங்களையும் 248 சிறு வடமொழி வாக்கியங்களாக, எழுத்துக்கு இலக்கம் என்ற கடபயாதி முறையில் அமைத்து, மனனஞ் செய்தார்கள். வரருசியின் பேரால் வழங்கும் சந்திர வாக்கியங்கள் இவை. "வாக்கிய" பஞ்சாங்கம் என்ற பெயரே அதிலிருந்துதான் வந்தது. பழைய முறை சந்திரனுடைய ஓட்டத்தின் பெரிய ஏற்றத்தாழ்வு ஒன்றையே கணக்கிற் கொள்கிறது. சூரியனின் இழுப்பினால் உண்டாகும் மற்ற மாற்றங்களைத் தற்கால வானியற் கணிதம் சேர்த்துக்கொள்கிறது. அதனாலே திதி முடியும் நேரம் இரண்டிலும் சில மணி வித்தியாசப்படும். வித்தியாசம் சூரியோதயத்தின் இரு பக்கத்திலும் விழுந்துவிட்டால் விரதநாள் மாறிவிடுகிறது.

இதனை எழுதக் கணிதம் வேண்டும், வானியல் வேண்டும், கடபயாதி வாசிக்க வடமொழி வேண்டும், ஆகமமும் தருமசாத்திரமும் எந்தத் திதிக்கு எந்த வேளையைக் கொள்கின்றன என்று அறியவேண்டும், எந்தக் கோயில் எப்பொழுது எந்தப் பஞ்சாங்கத்தைத் தழுவியது, ஏன் தழுவியது என்பது சமூக வரலாறு. இத்தகைய ஆய்வொன்றை நம் ஆசிரியர் ஒருவர் எழுதினால், கணிதம் படிப்பிக்கும் அவருடைய வகுப்பும் மாறும். சமயபாடம் படிப்பிக்கும் பக்கத்து வகுப்பும் மாறும். கோயிற் சபையிலே நடக்கும் வாய்ச் சண்டையிலும் கொஞ்சம் சூடு தணியலாம்.

புவியியல் ஆசிரியருக்கு இன்னொரு பொருள் காலடியிலேயே கிடக்கிறது. நம் குடாநாட்டிலே வற்றாத ஆறில்லை; சுண்ணாம்புக் கற்படையிலே தங்கும் மழைநீரே நமக்கு உயிர். உரமும் மலக்குழியும் அந்த நீரில் நைத்திரேற்றைச் சேர்க்கின்றன என்பது ஆராய்ந்து காணப்பட்ட உண்மை. கோயிற் கேணி தூர்ந்தது, குளத்து நிலம் வீடானது, கிணற்று நீர் கெட்டது என்ற மூன்றும் ஒரே கதையின் மூன்று அத்தியாயங்கள். இரசாயனம், நிலச் சட்டம், கோயில் நிருவாகம் மூன்றையும் தொடாமல் அதனை எழுதமுடியாது.

இனிக் கசப்பான பக்கத்துக்கு வருகிறேன். துறை கடந்த முதுமாணிப் பட்டத்தை எல்லா அலுவலகங்களும் ஒரே கண்ணால் நோக்குவதில்லை. ஆசிரிய சேவையிலே பட்டதாரிக்கு முதலில் வேண்டப்படுவது பட்டப்பின் கல்வி டிப்ளோமா. ஆகையால் அதனை முடிக்காதவர் முதலில் அதனை முடிக்கட்டும். இதிலே எனக்கு ஐயமில்லை. அதை முடித்தவர், கல்வி முதுமாணிக்குப் போவதா, தம் பாடத்திலோ இரு பாடங்கள் கலக்கும் இடத்திலோ முதுகலைமாணிக்குப் போவதா என்று ஆலோசிக்கலாம். அதிபராகவோ கல்வி அதிகாரியாகவோ வர விரும்புபவர்க்குக் கல்வி முதுமாணி பயன்படும். வகுப்பறையிலேயே இருக்க விரும்புபவர்க்கு, என் அபிப்பிராயத்தில், பாடத்தை ஆழமாக்கும் படிப்பே நல்லது. முகாமைத்துவத்தைப்பற்றி மூன்று வருடம் படித்துவிட்டுப் பத்தாம் வகுப்பிலே பழைய நோட்ஸையே வாசிக்கிற ஆசிரியரால் பிள்ளைகளுக்கு என்ன லாபம்? கல்வி முதுமாணியிலும் ஆய்வுப் பொருளைத் தாமே தெரிவுசெய்ய இடமுண்டு என்பதை மறக்கவேண்டாம். பஞ்சாங்கத்தை வகுப்பிலே கணிதம் கற்பிக்கும் கருவியாகக் கொண்டு ஓர் ஆய்வு அங்கேயும் செய்யலாம். அப்பொழுது முன்சொன்ன இரு கேள்விகளுக்கும் ஒரே விடை கிடைக்கவுங்கூடும்.

பணங் கட்டுமுன் மற்றொன்று பார்க்கவேண்டும். வெளிநாட்டுப் பட்டமென்று வீதிக்கு வீதி விளம்பரப் பலகை நிற்கிறது. அந்தப் பல்கலைக்கழகத்தை நம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிக்கிறதா என்று எழுத்திலே கேளுங்கள். சருவதேசப் பல்கலைக்கழகப் பட்டியல்களிலே அதன் பெயருண்டா என்பதையும் பாருங்கள். பல்கலைக்கழகம் உண்மையானதாயிருந்தாலும், அந்தக் குறித்த தொலைக்கல்விப் படிப்பு அதன் சொந்த நாட்டிலே அங்கீகாரம் பெற்றதா என்பதையுங் கேட்கவேண்டும். முகவர் வாயாற் சொல்லுவதை நம்பி நகை அடகு வைக்காதீர்கள்.

புத்தகத்துக்கு எங்கே போவது என்பீர்கள். நியாயமான கேள்வி. 1981இலே எரிந்த யாழ்ப்பாணப் பொதுநூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. ஏட்டுச் சுவடிகளும் போயின. நம் ஆராய்ச்சியின் அடிவயிற்றிலே விழுந்த அடி அது. கட்டடம் மீண்டும் எழுந்தது. போன சுவடி மீளவில்லை. ஆயினும் 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பழைய பத்திரிகைகளையும் பல்லாயிரக் கணக்கிலே படம்பிடித்து, யாரும் காசின்றி வாசிக்கும்படி வைத்திருக்கிறது. கிராமத்துப் பள்ளிக்கூடத்திலிருக்கும் ஆசிரியருக்கு, கைத்தொலைபேசி இருந்தால், அது வீட்டுக்கு வந்த நூல்நிலையம். நம் சங்கத்து மலர்களைப் போன்ற ஆண்டு மலர்கள்கூட அங்கே உள்ளன. நம்முடைய பழைய மலர்களை யாராவது பரணிலிருந்து இறக்கி அவர்களிடம் கொடுத்தால் புண்ணியமாகும்.

சங்கம் செய்யக்கூடியது என்ன என்று செயலாளர் கேட்டார். பெரிய நிதி வேண்டாம். பட்டமேற்படிப்புக்குச் சேர்ந்திருக்கும் ஆசிரியர்கள், சேர எண்ணியிருப்பவர்கள், எட்டுப்பத்துப் பேர், மாதத்திலிரண்டு வெள்ளிக்கிழமை, பூசை முடிந்தபின் இந்த மண்டபத்திலே மேசையைச் சுற்றி இருக்கட்டும். ஒரு மூலநூலின் ஒரு பகுதியை எல்லாரும் வாசித்துவிட்டு வரட்டும். ஒருவர் ஒரு கேள்வியைப் போடட்டும். விஞ்ஞான ஆசிரியரும் சமய ஆசிரியரும் சித்திர ஆசிரியரும் ஒரே மேசையில் இருக்கவேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. சொற்பொழிவு கூடாது, நானும் பேசமாட்டேன். தலைவர் சம்மதித்திருக்கிறார். மண்டபத்தின் மின்சாரச் செலவைச் சங்கம் ஏற்கும். முதல் வாசிப்புக்கு யாழ் நூலின் தொடக்கப் பகுதியை எடுத்திருக்கிறோம். பிரதிகளை நூலகப் பொறுப்பாளரிடம் பெற்றுக்கொள்ளலாம். பெயர் கொடுக்க விரும்புபவர்கள், இன்றிரவு போகுமுன் வாசலிலுள்ள கொப்பியிலே, தாம் படிப்பிக்கும் பாடத்தையும் சேர்த்து எழுதிவிட்டுச் செல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.